கப்பம் கேட்டவர்களும் கொடுத்தவர்களும்: ‘தி வாக்கிங் டெட்’ காமிக்ஸில் பிழைத்திருப்போரின் போர்கள்

2003 அக்டோபரில் அமெரிக்காவின் இமேஜ் காமிக்ஸ் நிறுவனம் வெளியிடத் தொடங்கிய ‘தி வாக்கிங் டெட்’, 2019 ஜூலையில் 193ஆம் இதழோடு நிறைவுற்றது. ஏறத்தாழ பதினாறு ஆண்டுகள் ஓடிய இந்தக் கறுப்பு வெள்ளைத் தொடரைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் அதில் வரும் ஜாம்பிகளையும், முக்கியமான பாத்திரங்களின் திடீர் மரணங்களையுமே சுற்றி நிற்கிறது. தொடரை முதலிலிருந்து வரிசையாகப் படித்தால் வேறொன்று தெரியவரும். தொடக்க இதழ்களைக் கடந்ததும் நடைப்பிணங்கள் பகைவர்களாக இருப்பது குறைந்து, அந்த உலகத்தின் நில அமைப்பாகவே மாறிவிடுகின்றன. கதையை நகர்த்துவது பிழைத்தவர்கள் கூட்டம் கூட்டமாகச் சேர்ந்து நடத்தும் போர்கள்; அந்தப் போர்களுக்கு அடியில் இருப்பது யார் விளைவிப்பது, யார் எடுத்துக்கொள்வது, யார் சொல்லை யார் கேட்பது என்ற மிகப் பழைய கேள்வி. திகில் கதை என்ற பெயரில் வந்த ஒரு மாத இதழ் அந்தக் கேள்வியை இத்தனை பொறுமையாகப் பின்தொடர்ந்தது என்பதற்காகவே இதைக் கவனமாகப் படிக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஜாம்பிக் கதையின் இன்றைய வடிவம் 1968இல் ஜார்ஜ் ரொமேரோ இயக்கிய ‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’ படத்திலிருந்து வருகிறது. பண்ணை வீடொன்றில் சிக்கிக்கொண்டவர்கள் வெளியே நிற்கும் பிணங்களுக்கு அஞ்சுவதோடு நில்லாமல், கீழறையில் ஒளிவதா, மேல்தளத்தைக் காப்பதா என்று தங்களுக்குள் சண்டையிட்டே அழிவைத் தேடிக்கொள்கிறார்கள். 1978இல் வந்த அவருடைய அடுத்த ஜாம்பிப் படத்தில், வணிக வளாகமொன்றைப் பிடித்து வைத்திருக்கும் சிறு குழுவின் மீது மோட்டார் சைக்கிள் கும்பல் பாய்கிறது. ஆக, பிழைத்தவர்கள் ஒருவரையொருவர் அடித்துக்கொள்வது இந்த வகைக் கதையில் பிறப்பிலிருந்தே இருக்கிறது. ஆனால் திரைப்படம் இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். மோதலுக்குப் பிறகு என்ன ஆயிற்று, மறுநாள் யார் சமைத்தார்கள், தோற்றவர்களை என்ன செய்தார்கள் என்று காட்ட அதற்கு நேரமில்லை. எழுத்தாளர் ராபர்ட் கிர்க்மன் முதல் தொகுப்பின் முன்னுரையில், முடிவே இல்லாத ஒரு ஜாம்பிப் படம் என்பதுதான் தம்முடைய எண்ணம் என்று எழுதினார். பிற்காலத்தில் இந்தத் தொடர் அடைந்த எல்லாச் சிறப்பும் அந்த ஒரு முடிவிலிருந்து கிளைத்தது.

அமெரிக்க காமிக்ஸில் இப்படியொரு கதை வருவதற்கு நீண்ட காலம் தடை இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1954இல் பதிப்பாளர்கள் தாங்களே வகுத்துக்கொண்ட காமிக்ஸ் நெறிமுறை, நடைப்பிணங்கள் தொடர்பான காட்சிகளைப் பெயர் சொல்லியே விலக்கியது. 1971இல் விதிகள் தளர்ந்தபோது இரத்தக் காட்டேரிகளுக்கும் ஓநாய் மனிதர்களுக்கும் கிடைத்த சலுகை ஜாம்பிகளுக்குக் கிடைக்கவில்லை. 1992இல் ஓவியர்கள் சிலர் பெரிய நிறுவனங்களை விட்டு வெளியேறித் தொடங்கிய இமேஜ் காமிக்ஸ், படைப்பின் உரிமையைப் படைத்தவரிடமே விட்டுவைக்கும் கொள்கை கொண்டது. கிர்க்மனின் யோசனையைக்கூட அந்த நிறுவனம் உடனே ஏற்கவில்லை. இந்தப் பேரழிவுக்குப் பின்னால் வேற்றுக்கிரகவாசிகளின் சதி இருக்கிறது, அது பின்னால் வெளிப்படும் என்று பொய் சொல்லித்தான் அனுமதி பெற்றதாக அவரே பிறகு வெளிப்படையாகக் கூறியிருக்கிறார். அந்தச் சதி தொடரில் வரவேயில்லை. பிணங்கள் ஏன் எழுந்தன என்பதற்கு 193 இதழ்களிலும் விடை கிடையாது.

விடை இல்லாவிட்டாலும் விதிகள் உண்டு. கதையில் நடக்கும் போர்களின் இயல்பை அந்த விதிகளே நிர்ணயிக்கின்றன. கடிபட்டவர்கள் மட்டுமின்றி, எப்படி இறந்தாலும் எல்லோரும் எழுகிறார்கள். மூளை சிதைந்தால் மட்டுமே அடங்குகிறார்கள். ஓசை அவர்களை இழுக்கும். ஓசையைத் தேடி வருபவை ஒன்றோடொன்று சேர்ந்து பெரும் மந்தைகளாகி ஊர் ஊராக நகரும். எனவே, இந்த உலகத்தில் துப்பாக்கி வைத்திருப்பவன் சுடுவதற்கு முன் இரண்டு முறை யோசிக்க வேண்டும். ஒரு தோட்டா எதிரியைக் கொல்லலாம். அதே தோட்டாவின் சத்தம் நூறு பிணங்களை வாசலுக்குக் கொண்டுவரலாம். வீழ்ந்த ஒவ்வொரு வீரனும், தன் பக்கத்தவனாக இருந்தாலும், சில நிமிடங்களில் அல்லது சில மணி நேரத்தில் புதிய ஆபத்தாக எழுவான். கிர்க்மன் இந்தக் கணக்கைத் தொடர் முழுவதும் பெரும்பாலும் நேர்மையாகக் கடைப்பிடிக்கிறார்.

நாயகன் ரிக் கிரைம்ஸ் கென்டக்கி மாநிலத்தின் சிந்தியானா என்ற சிற்றூரின் காவலர். குண்டடிபட்டு நினைவிழந்து, மருத்துவமனையில் விழித்தபோது உலகம் முடிந்திருக்கிறது. அட்லாண்டாவுக்கு வெளியே மனைவி லோரியையும் மகன் கார்லையும் கண்டடைகிறான். முதல் ஆறு இதழ்களை டோனி மூர் வரைந்தார்; ஏழாம் இதழிலிருந்து கடைசி வரை சார்லி அட்லார்ட். மூரின் கோடுகளில் பிணங்களின் ஒவ்வொரு தசைநாரும் தெரியும். அட்லார்டின் கனத்த கறுப்பு, முகங்களையும் மௌனங்களையும் நோக்கி நம் கண்ணைத் திருப்புகிறது. கதை பிணங்களிடமிருந்து மனிதர்களிடம் நகர்ந்ததற்கு இந்த ஓவிய மாற்றமும் ஒரு காரணம்.

முதல் பெரிய போர் சிறைச்சாலையில் நடக்கிறது. ரிக்கின் கூட்டம் கைவிடப்பட்ட சிறையொன்றைக் கண்டுபிடித்துச் சுத்தம் செய்து, வேலிக்குள் பயிரிடத் தொடங்குகிறது. சற்றுத் தொலைவில் வுட்பரி என்ற ஊர். அதைத் தன்னைக் கவர்னர் என்று அழைத்துக்கொள்ளும் ஒருவன் ஆள்கிறான். மக்களைப் பொழுதுபோக்க நடைப்பிணங்களைச் சங்கிலியில் கட்டி நடுவில் மனிதர்களை மோதவிடும் அரங்கை அவன் நடத்துகிறான். இங்கே போருக்கு உண்மையான தேவை எதுவும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். வுட்பரியிடம் உணவு இருக்கிறது, சிறையிடம் மதில் இருக்கிறது. இரண்டும் பல மாதங்கள் ஒன்றையொன்று அறியாமல் வாழ்ந்தன. கீழே விழுந்த ஒரு ஹெலிகாப்டரைத் தேடிப் போன ரிக், க்ளென், மிஷோன் மூவரும் கவர்னரிடம் சிக்குகிறார்கள். 28ஆம் இதழில் ரிக்கின் வலக்கை வெட்டப்படுகிறது. பிறகு நடப்பது அச்சமும் பழியும் ஒன்றையொன்று வளர்ப்பதுதான். 48ஆம் இதழில் டாங்கியோடு வரும் வுட்பரி படை சிறையின் வேலியை நொறுக்குகிறது. கைக்குழந்தையோடு ஓடிய லோரி சுடப்பட்டு இறக்கிறாள். அந்தக் குண்டைச் சுட்ட பெண், தான் கொன்றது ஒரு பச்சிளம் குழந்தையையும் சேர்த்து என்று கண்டதும், கட்டளையிட்ட கவர்னரையே சுட்டுத் தள்ளுகிறாள். வென்றவர்கள் யாருமில்லை, சண்டையின் காரணமான அந்தச் சிறையும் இரு தரப்புக்கும் பயன்படாமல் பிணங்களுக்குப் போய்விடுகிறது.

இந்தப் பகுதியில் எனக்கு ஒரு கடுமையான மறுப்பும் உண்டு. மிஷோன் மீது கவர்னர் நிகழ்த்தும் பாலியல் வன்கொடுமையும், அவள் அவனைப் பழிவாங்கும் காட்சியும் கதைக்குத் தேவையானதைவிட மிகவும் நீட்டப்பட்டிருக்கின்றன. கொடுங்கோலன் எப்படி ஆள்கிறான் என்பதை அரங்கக் காட்சிகளே போதிய அளவு சொல்லிவிட்டன.

சிறை வீழ்ந்த பிறகு சிதறிய கூட்டம், வாஷிங்டன் நகருக்கு அருகிலுள்ள அலெக்ஸாண்ட்ரியா குடியிருப்பை அடைகிறது. வழியில் அவர்கள் எதிர்கொள்ளும் நரமாமிசக் கூட்டம் தொடரின் மிகச் சிறிய பகை. ஆனால் அவர்கள் கூறும் ஒரு தகவல் மறக்க முடியாதது. வேட்டையாடக் கற்றுக்கொள்ள முடியாமல், முதலில் தங்கள் பிள்ளைகளையே உண்டதாக அவர்கள் சொல்கிறார்கள். விளைவிக்கவும் பரிமாறவும் தெரியாத கூட்டம் எங்கே போய் நிற்கும் என்பதற்கு கிர்க்மன் வைத்திருக்கும் கடைசி எல்லைக்கல் அது. அதன் பின் வரும் எல்லாச் சமூகங்களையும் அந்தக் கல்லிலிருந்துதான் அளக்க வேண்டியிருக்கிறது.

அலெக்ஸாண்ட்ரியாவில் உறுதியான மதில் உண்டு, வீடுகள் உண்டு. போதிய உணவு இல்லை. ஹில்டாப் என்ற மேட்டுக் குடியிருப்பில் வயலும் கால்நடையும் உண்டு, ஆயுதம் இல்லை. கிங்டம் என்ற மூன்றாவது சமூகத்தை எசக்கியேல் என்பவன் அரசனைப் போல ஆள்கிறான். முன்பு விலங்குக் காட்சிசாலையில் வேலை பார்த்த அவன், ஷிவா என்ற புலியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சிங்காசனத்தில் அமர்கிறான். இவற்றுக்கு மேல் நிற்பவர்கள் சேவியர்ஸ். பழைய தொழிற்சாலையொன்றைத் தலைமையிடமாகக் கொண்ட இவர்களின் தலைவன் நீகன். சுற்றியுள்ள நடைப்பிணங்களைக் கொன்று தருகிறோம் என்று சொல்லி, ஒவ்வொரு குடியிருப்பிடமும் விளைச்சலில் பாதியை இவர்கள் கப்பமாக வாங்குகிறார்கள்.

இந்த இடத்தில்தான் தொடர் மிகவும் செறிவடைகிறது. சேவியர்ஸ் வெறும் கொள்ளைக் கூட்டம் அல்லர். அவர்களிடம் ஓர் ஆட்சிமுறை இருக்கிறது. தொழிற்சாலைக்குள் வேலை செய்பவர்களுக்குப் புள்ளிகள் தரப்படுகின்றன. அந்தப் புள்ளிகளைக் கொடுத்தே உணவும் மருந்தும் வாங்க வேண்டும். நீகனின் மனைவியர் பலர் அந்தக் கணக்கிலிருந்து தப்பிக்கவே அவனிடம் வந்தவர்கள். விதியை மீறியவனின் முகத்தில் காய்ச்சிய இஸ்திரிப் பெட்டி வைக்கப்படுகிறது. ட்வைட் என்பவனின் பாதி முகம் அப்படி வெந்துபோனது. ஆட்களைக் கட்டுக்குள் வைத்திருக்கும் பயம், வேலை வாங்கும் முறை, வெளியிலிருந்து வரும் உணவு ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் அந்த அமைப்பு நிற்கும். ஏதேனும் ஒரு குடியிருப்பு கப்பம் கட்ட மறுத்தால் மூன்றும் ஆட்டம் காணும். ஆகையால் முதல் மறுப்பையே மிகக் கொடூரமாகத் தண்டிப்பது நீகனுக்கு அரசியல் அவசியம்.

2012 ஜூலையில் வந்த 100ஆம் இதழ் அந்தத் தண்டனையைக் காட்டுகிறது. இரவில், சாலையோரத்தில், ரிக், கார்ல், மிஷோன், க்ளென், கருவுற்றிருக்கும் அவன் மனைவி மேகி உள்ளிட்டோர் மண்டியிட வைக்கப்பட்டிருக்கிறார்கள். முள்கம்பி சுற்றிய பேஸ்பால் மட்டையோடு நீகன் அவர்களுக்கு முன்னால் நடந்தபடியே பேசுகிறான். பக்கம் பக்கமாகப் பேசுகிறான். யாரைக் கொல்வது என்று குழந்தைகளின் எண்ணிக்கைப் பாட்டைச் சொல்லித் தேர்ந்தெடுத்து, க்ளெனின் தலையை அடித்து நொறுக்குகிறான். அந்த ஆண்டில் அமெரிக்கக் கடைகளில் மிகுதியாக விற்ற காமிக்ஸ் இதழ் இது. அதிர்ச்சிக்காக இதை நினைவில் வைத்திருப்பவர்கள், இதற்கு முன் நடந்ததை மறந்துவிடுகிறார்கள். நீகனின் ஆட்களை ஒழித்துத் தருகிறோம், அதற்கு ஈடாக உணவு கொடுங்கள் என்று ஹில்டாப்பிடம் பேசி முடித்தது ரிக்தான். வன்முறையை விற்று உணவு வாங்குவது என்ற வகையில் அவனும் சேவியர்ஸும் அந்தக் கணத்தில் ஒரே தொழிலைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். விலையில் மட்டுமே வேறுபாடு. ரிக்கைத் தலைவனாகவே பார்த்துப் பழகிய வாசகர் இதை ஒப்புக்கொள்ளத் தயங்கலாம். கதையின் நேர்மையோ இந்த இடத்தில்தான் இருக்கிறது.

விளைச்சலில் பாதியைக் கேட்கும் நீகனின் முறை ஏன் நிலைக்காது என்பதைப் புரிந்துகொள்ள நமக்கு வெளியிலிருந்து விளக்கம் தேவையில்லை. வரி வாங்கும் முறை அறியாத வேந்தனின் நாடு, யானை புகுந்த வயலைப் போல, உண்டதைவிட மிதிபட்டதே மிகுதியாகிக் கெடும் என்று சங்கப் புலவர் பாண்டியனுக்குச் சொன்னது இங்கே அப்படியே பொருந்துகிறது.

‘முழுப் போர்’ எனப்படும் பகுதி 115 முதல் 126 வரையுள்ள பன்னிரண்டு இதழ்கள். 2013 அக்டோபரில் தொடங்கிய இதை மாதத்துக்கு இரண்டு இதழாக வெளியிட்டார்கள். அந்த வேகத்துக்கு அட்லார்ட் ஈடுகொடுக்க மை தீட்டுவதற்கு ஸ்டெஃபானோ கௌடியானோ சேர்ந்தார். அலெக்ஸாண்ட்ரியாவும் ஹில்டாப்பும் கிங்டமும் கூட்டுச் சேர்கின்றன. முதல் தாக்குதலில் ரிக் செய்வது, மேலே சொன்ன விதிகளைப் போர்த் தந்திரமாக்குவது: தொழிற்சாலையின் சன்னல்களைக் குறிவைத்துச் சுட்டு, அந்த ஓசையால் மந்தையை வரவழைத்து, சேவியர்ஸை உள்ளேயே அடைத்துவிடுகிறான். நீகனும் அதே விதிகளைத் திருப்பிப் பயன்படுத்துகிறான். சிறைப்பிடித்த ஹாலி என்ற பெண்ணைத் தலையில் பையைக் கவிழ்த்து அலெக்ஸாண்ட்ரியாவுக்குத் திருப்பி அனுப்புகிறான். அவளை அணைத்து உள்ளே கூட்டிவந்து பையை எடுக்கும் மருத்துவர் டெனிஸ், உள்ளே இருப்பது பிணம் என்று அறியும் முன் கையில் கடிபடுகிறாள். கையை வெட்டினால் அவள் பிழைக்கக்கூடும். குண்டுவீச்சில் காலை இழந்த ஹீத்தைக் காப்பாற்ற அந்தக் கை தேவை என்பதால் வெட்ட மறுத்து, அவனுக்குச் சிகிச்சை முடித்துவிட்டு இறக்கிறாள். நூற்றுக்கணக்கான சாவுகள் உள்ள தொடரில் எனக்கு மிகவும் கனமாகத் தோன்றுவது இதுதான். ஒரு சமூகத்துக்கு ஒரே ஒரு மருத்துவர் இருப்பது எவ்வளவு பெரிய செல்வம், போர் அதை எவ்வளவு எளிதாக எரித்துவிடுகிறது என்று பிரசங்கமில்லாமல் அது காட்டுகிறது.

போரின் கணக்கு வேறு வழிகளிலும் தெரிகிறது. சேவியர்ஸின் புறக்காவல் நிலையங்களைத் தாக்கப் போன எசக்கியேலின் படை அழிகிறது. அவனைக் காத்து ஷிவா மடிகிறது. விஞ்ஞானி என்று பொய் சொல்லிக் கூட்டத்தில் ஒட்டிக்கொண்டிருந்த யூஜின், தோட்டாக்களைத் தானே வார்க்கும் பட்டறையை அமைக்கிறான். அவனும் அந்தப் பட்டறையும் யார் கையில் என்பது படைகளின் எண்ணிக்கையைப் போலவே முக்கியமாகிறது. பிறகு சேவியர்ஸ் தங்கள் ஆயுதங்களை நடைப்பிணங்களின் அழுகிய குருதியில் தோய்த்துக்கொண்டு ஹில்டாப்பைத் தாக்குகிறார்கள். சிறு கீறலும் மரணமாகிறது. ட்வைட் ரிக்கின் மீது எய்த அம்பு மட்டும் தோய்க்கப்படாதது. இரகசியமாக அணி மாறிவிட்ட அவனுடைய அந்த ஒரு தேர்வு போரின் முடிவையே மாற்றுகிறது.

முடிவு 125ஆம் இதழில் வருகிறது. போர்க்களத்தின் நடுவே ரிக் நீகனிடம் பேசுகிறான்: ஒவ்வொரு குடியிருப்பும் தன்னால் முடிந்ததை விளைவித்து, மற்றவற்றோடு பண்டமாற்றுச் செய்தால் கப்பமே தேவையில்லை, எல்லோருக்கும் இப்போது கிடைப்பதைவிட மிகுதியாகக் கிடைக்கும் என்கிறான். நீகன் ஒரு கணம் அதை உண்மையாகவே யோசிக்கிறான். தான் தொடக்கத்திலிருந்தே தவறாக நடத்தியிருப்பது அவன் முகத்தில் தெரிகிறது. அந்தக் கணத்தில் ரிக் அவன் கழுத்தை அறுக்கிறான். காரணத்தால் வென்ற பிறகும் கத்தியை எடுப்பது துரோகமா, தந்திரமா என்று கிர்க்மன் தீர்ப்புச் சொல்வதில்லை. அதைவிடப் பெரிய முடிவு அடுத்த இதழில்: அந்தக் கைகலப்பில் தன் காலை முறித்த நீகனைக் கொல்லாமல், காயத்துக்கு மருந்திட்டுச் சிறையில் வைக்கும்படி ரிக் ஆணையிடுகிறான். க்ளெனின் மனைவி மேகிக்கு இது தாங்க முடியாத அநீதி. அவளுடைய கோபத்தைத் தொடர் மிக நீண்ட காலத்துக்கு உயிரோடு வைத்திருக்கிறது. ஆனால் போர் முடிந்துவிட்டது என்பதற்கு அந்தச் சிறையறையைவிடத் தெளிவான அடையாளம் வேறில்லை. பழிவாங்கும் உரிமையைத் தனி மனிதரிடமிருந்து எடுத்துச் சமூகத்திடம் ஒப்படைப்பது என்ற சட்டத்தின் முதல் படி அங்கே விழுகிறது.

பேரழிவுக் கதைகளைப் பற்றிய விவாதங்களில், ஆட்சி இல்லாத இடத்தில் ஒவ்வொருவரும் ஒவ்வொருவருக்கும் பகை என்ற ஆங்கிலத் தத்துவவாதி தாமஸ் ஹாப்ஸின் கருத்து அடிக்கடி மேற்கோளாகிறது. இந்தத் தொடருக்கு அது முழுமையாகப் பொருந்தாது. இங்கே தனியாளாக யாரும் நெடுநாள் உயிரோடிருப்பதில்லை. சாகாமல் இருப்பவர்கள் எல்லோரும் ஏதோ ஒரு கூட்டத்துக்குள்தான் இருக்கிறார்கள், கூட்டத்துக்குள் ஒற்றுமையும் கடமையும் பெரும்பாலும் வியக்கத்தக்க அளவு இருக்கின்றன. பகை கூட்டங்களுக்கு இடையில்தான். எனவே இதைத் தனிமனிதக் காட்டுமிராண்டித்தனத்தின் கதையாகப் படிப்பதைவிட, சிறு நாடுகளுக்கு இடையேயான அரசியலாகப் படிப்பதே பயன் தரும்.

127ஆம் இதழில் காலம் சில ஆண்டுகள் முன்னே பாய்கிறது. ரிக் நீகனிடம் சொன்ன திட்டம் நடந்தேறியிருக்கிறது: காவல் உள்ள பாதைகள், காற்றாலை, குதிரை வண்டிகள், குடியிருப்புகள் கூடும் சந்தைத் திருவிழா. அந்த அமைதிக்குள் நுழையும் விஸ்பரர்ஸ், பிணத்தின் தோலை அணிந்து நடைப்பிணங்களின் மந்தையோடு மந்தையாக நடப்பவர்கள். உழவும் மதிலும் தேவையில்லை என்ற கொள்கையினர். அவர்களின் தலைவி ஆல்ஃபா திருவிழாவுக்குள் மாறுவேடத்தில் புகுந்து, எசக்கியேல், ரோசிட்டா உள்ளிட்டோரின் தலைகளைக் கழிகளில் நட்டு எல்லை வகுக்கிறாள். காட்சியாக இது பயங்கரமானது. கருத்தாக அவ்வளவு வளமானது என்று எனக்குத் தோன்றவில்லை. சேவியர்ஸிடம் பேச ஏதோ இருந்தது, விஸ்பரர்ஸிடம் இல்லை. சிறையிலிருந்து வெளியேறி ஆல்ஃபாவைக் கொல்லும் நீகனின் மாற்றமே அந்தப் போரில் நெஞ்சில் நிற்பது.

கடைசிப் பகை காமன்வெல்த். ஒஹாயோவில், ஐம்பதாயிரம் பேர் வாழும் இந்த நகரத்தில் படையும் நீதிமன்றமும் விளையாட்டு அரங்கும் உண்டு. அழிவுக்கு முன் நீங்கள் என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்டே உங்களுக்கு இங்கே இடம் ஒதுக்கப்படும். வழக்கறிஞராக இருந்த மிஷோன் மீண்டும் வழக்கறிஞராகலாம், கூலி வேலை செய்தவர் கூலியாகவே இருப்பார். பழைய உலகத்தின் படிநிலையைப் பசை போட்டு ஒட்டி வைத்திருக்கும் இந்த ஆட்சிக்குத் தலைவி பமேலா மில்டன். கிளர்ச்சி முற்றும்போது, பமேலாவைச் சுடத் துணியும் தன் நண்பன் ட்வைட்டையே ரிக் சுட்டுக் கொல்கிறான். ஒரு கொலையில் தொடங்கும் ஆட்சி மாற்றம் இன்னொரு முழுப் போராகும் என்று அவன் அஞ்சுகிறான். சிறைச்சாலை நாட்களில், 24ஆம் இதழில், நாமே நடைப்பிணங்கள் என்று தன் கூட்டத்தின் முன் கத்தியவன், 191ஆம் இதழில் இரு படைகளுக்கு நடுவே நின்று நாம் நடைப்பிணங்கள் அல்லர் என்று சொல்லித் துப்பாக்கிகளைத் தாழ்த்தச் செய்கிறான். அதன் பின் பமேலாவின் மகன் செபாஸ்டியன், படுக்கையறையில் தனியே இருக்கும் ரிக்கைச் சுட்டுவிடுகிறான்.

193ஆம் இதழோடு தொடர் முடியும் என்று யாருக்கும் முன்னறிவிப்பு இல்லை. அதற்குப் பின்னும் இதழ்கள் வருவதாகப் போலி விளம்பரங்கள்கூட வெளியிடப்பட்டிருந்தன. அந்த இதழில் பல ஆண்டுகள் கடந்துவிட்டன. மேகி குடியரசுத் தலைவராக இருக்கிறாள், மிஷோன் நீதிபதி, யூஜின் கிழக்கையும் மேற்கையும் இணைக்கும் இரயில் பாதை அமைக்கிறான். மேகியின் மகன் ஹெர்ஷல் காட்சிப் பொருளாக ஊர் ஊராகக் கொண்டுசெல்லும் நடைப்பிணம் கார்லின் நிலத்துக்குள் வந்துவிட, கார்ல் அதைக் கொல்கிறான். பிறர் சொத்தை அழித்த குற்றத்துக்கு அவன் நீதிமன்றம் ஏற வேண்டியிருக்கிறது. அருமையான கற்பனை, ஆனால் இங்கே ஒரு பெரிய குறையும் இருக்கிறது. கூட்டங்கள் எப்படிப் போரிட்டன என்பதைப் பதினாறு ஆண்டுகள், ஒவ்வொரு தோட்டாவுக்கும் கணக்கு வைத்துக் காட்டிய தொடர், அவை எப்படி ஒரே நாடாகச் சேர்ந்தன என்பதை ஒரே தாவலில் கடந்துவிடுகிறது. பமேலாவுக்குப் பிறகு காமன்வெல்த்தில் முதல் தேர்தல் எப்படி நடந்தது, கூலிக்காரர்களின் கோரிக்கைகளில் எவை நிறைவேறின, ஹில்டாப்பும் அலெக்ஸாண்ட்ரியாவும் தங்கள் தன்னாட்சியை எந்த நிபந்தனைகளில் விட்டுக்கொடுத்தன, வரியாக எவ்வளவு, யாரிடமிருந்து வாங்கப்பட்டது ஆகியவற்றில் ஒன்றுகூட வரையப்படவில்லை. நீகனின் பாதிக் கப்பத்தை அத்தனை நுணுக்கமாகக் காட்டத் தெரிந்தவர்கள் இந்தப் பேச்சுவார்த்தைகளுக்கு இன்னும் ஒரு பன்னிரண்டு இதழ்களாவது ஒதுக்கியிருக்க வேண்டும்.